பழைய கால்வாய்ச் சுரங்கமா? செங்கல்லை மட்டும் பார்த்து மதிப்பீடு போடாதீர்கள்

மலையைக் குடைந்து படகு போக அமைத்த பழைய கால்வாய்ச் சுரங்கத்தைப் புதுப்பிப்பதற்காகப் பார்வையிடப் போகிறவர்கள் முதலில் படம் எடுப்பது விரிசல் விட்ட செங்கல்லைத்தான். சரி, எடுக்கட்டும். அந்தச் செங்கல்லைப் பின்னாலிருந்து எது தள்ளுகிறது என்று பார்க்காமல் செலவுக் கணக்குப் போடுவதில்தான் வினையே.

இங்கிலாந்தில் தேம்ஸ்–செவர்ன் கால்வாயின் சாப்பர்ட்டன் சுரங்கம் 1789-ல் திறக்கப்பட்டது, நீளம் ஏறக்குறைய 3.5 கி.மீ. சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை, சில இடங்களில் ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண். பாறை தானாகவே நிற்கும், ஆனால் கால்வாய்த் தண்ணீர் அதன் வெடிப்புகளில் இறங்கிப் போய்விடும். களிமண்ணோ ஈரம் பட்டதும் உப்பிக்கொண்டு அடித்தளத்தையே மேலே தூக்கும். இதற்குப் போய் மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து முழு நீளத்துக்கும் பெருக்கினால் என்ன ஆகும்? கணக்கு தப்பும். சாப்பர்ட்டனில் இரண்டு முகப்புகளையும் அழகாகப் புதுப்பித்துவிட்டார்கள், நடுவிலோ கூரை இடிந்து அடைத்துக் கிடக்கிறது. முகப்பை முதலில் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன், கண்ணில் படுகிற வேலைக்குத்தான் நன்கொடை வரும். அதை வைத்து உள்ளே எப்படி இருக்கும் என்று ஊகிக்காதீர்கள், அவ்வளவுதான்.

லேசர் ஸ்கேனை மட்டும் நம்புவதும் தவறு. அது சுவரின் வடிவத்தைச் சொல்லும், பின்னால் இருக்கும் வெற்றிடத்தைச் சொல்லாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்: கணீரென்று கேட்டால் பரவாயில்லை, பொத்தென்று கேட்டால் உள்வரிசைச் செங்கல் கழன்று நிற்கிறது என்று சந்தேகப்பட்டு, துளை போட்டுப் பாருங்கள். அப்புறம் மேலே மலைக்கும் ஏறவேண்டும். சுரங்கம் தோண்டிய காலத்தில் மேலிருந்து செங்குத்தாக இறக்கிய குழிகளில் பலவற்றை மூடி மறந்திருப்பார்கள். காட்டுக்குள் ஒரே வரிசையில் மண்மேடுகள் தெரிந்தால் அவை அந்தக் குழிகளிலிருந்து அள்ளிக் கொட்டியவையாக இருக்கலாம்.

கசிவைக் கண்டதும் சிமென்ட் பூசி அடைப்பது இன்னொரு தவறு. வழியில்லாத தண்ணீர் சுவருக்குப் பின்னால் சேர்ந்து அழுத்தும், பழைய செங்கல்லைவிடக் கெட்டியான சிமென்ட் அதன் முகத்தைப் பெயர்த்தெடுக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள், வடிகால் துளைகளை விட்டுவையுங்கள்.

அதற்காக எல்லாமே பழையபடிதான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் இன்னொரு கால்வாய்ச் சுரங்கமான பிளிஸ்வொர்த்தில் 1984-ல் முடிந்த வேலையில், மோசமான நடுப்பகுதிக்குக் கான்கிரீட் வளையங்களே போட்டார்கள். அதனால்தான் இன்றும் அதில் படகு போகிறது.

ஒன்று விட்டுப்போனது, சுரங்கத்துக்குள் தங்கும் வௌவால். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் வேலை அட்டவணை போடும் முன்பே வௌவால் கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள்.