வீட்டு ஸ்விம்மிங் பூலுக்கு ஃபில்டர், பம்ப், குளோரினேட்டர் என்ன சைஸ்ல வாங்கணும்?

வீட்டுல பூல் கட்டுறவங்க டைல்ஸ் கலர் பாக்க பத்து கடை ஏறி இறங்குவாங்க, மோட்டார் ரூம்ல என்ன வருதுன்னு கேட்டா கான்ட்ராக்டர் பாத்துக்குவார்னு விட்டுடுவாங்க. எங்க மச்சான் கோயமுத்தூர் பக்கம் தோட்டத்துல 8க்கு 4 மீட்டர்ல ஒரு பூல் கட்டினார். போட்டுக் கொடுத்தவங்க 400 எம்எம் சாண்ட் ஃபில்டர்ல ஒன்றரை ஹெச்பி பம்ப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க. முதல் வாரமே தண்ணி உள்ள வர்ற நாஸிலுக்கு நேர் கீழ டைல்ஸ் மேல விசிறி மாதிரி மணல் படிஞ்சு கிடந்துச்சு, தொட்டுப் பாத்தா நறநறன்னு இருக்கு, ஃபில்டருக்குள்ள இருக்க வேண்டிய மணல் அது. தண்ணியும் எப்பவும் கலங்கலாவே இருந்துச்சு. அப்புறம் நானும் அவரும் உக்காந்து கணக்குப் போட்டு எல்லாத்தையும் மாத்தினோம், அந்தக் கணக்கையே இங்க எழுதறேன், உங்க பூல் அளவைப் போட்டு நீங்களே பண்ணிக்கலாம்.

முதல்ல எத்தனை லிட்டர்னு தெரியணும். ஆழம் ஒரு பக்கம் 1.2 மீட்டர், இன்னொரு பக்கம் 1.5, சராசரி 1.35. 8 x 4 x 1.35 போட்டா 43.2 கன மீட்டர், அதாவது 43,200 லிட்டர். பூல் வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா முதல் தடவை ரொப்பும்போது எத்தனை லாரி தண்ணி போச்சுன்னு எண்ணிக்கோங்க, அதுவே போதும்.

அடுத்தது, இந்தத் தண்ணி முழுசும் ஒரு சுத்து ஃபில்டர் வழியா போக எவ்வளவு நேரம்ங்கறது. வீட்டு பூலுக்கு 6 மணி நேரம் நல்ல கணக்கு. 43,200ஐ 6ஆல வகுத்தா மணிக்கு 7,200 லிட்டர். ஒரு சுத்து ஓடினா எல்லாத் தண்ணியும் சுத்தமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, ஃபில்டர்ல இருந்து வர்ற நல்ல தண்ணி திரும்ப அழுக்குத் தண்ணியோடதானே கலக்குது, அதனால ஒரு சுத்துல 63 சதவீதம் தண்ணிதான் ஃபில்டரைப் பாத்திருக்கும், ரெண்டு சுத்துக்கு 86. வெயில் காலத்துல 8ல இருந்து 10 மணி நேரம் ஓட்டச் சொல்றது இதுக்குத்தான்.

இப்ப ஃபில்டர். பாக்க வேண்டியது மணல் படுகையோட பரப்பளவு. ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 20ல இருந்து 30 கன மீட்டர் வரைக்கும் போனா தண்ணி பளிச்சுன்னு இருக்கும், 50ஐத் தாண்டவே கூடாது. 400 எம்எம் ஃபில்டருக்குப் பரப்பு 0.126 சதுர மீட்டர்தான், நம்ம 7,200 லிட்டரை, அதாவது 7.2 கன மீட்டரை அதுல விட்டாலே 57 ஆயிடுது. மச்சான் வீட்டு ஒன்றரை ஹெச்பி பம்ப் இதை விட ரெண்டு மடங்குக்கு மேல தள்ளிட்டு இருந்துச்சு, மணல் எப்படித் தாங்கும்? 500 எம்எம்னா 37 வருது, பரவால்ல. 600 எம்எம்னா 25, இதைத்தான் வாங்கினோம். ஃபில்டருக்குக் கொஞ்சம் கூடச் செலவு பண்ணுங்க, வருத்தப்பட மாட்டீங்க.

ஆனா பெரிய ஃபில்டர் வாங்கும்போது ஒண்ணு கவனிக்கணும், பேக்வாஷ் பண்றப்ப, அதாவது தண்ணியைத் தலைகீழா விட்டு மணலைக் கழுவுறப்ப, மணல் மேல எழும்பிப் பிரியணும், அதுக்குச் சதுர மீட்டருக்கு 40 கன மீட்டராவது வேணும். 600 எம்எம்முக்கு அது மணிக்கு 11,000 லிட்டருக்கு மேல. பம்ப் அதைக் கொடுக்கலைன்னா அழுக்கு உள்ளயே தங்கி மணல் கட்டி கட்டியா ஆயிடும்.

பம்ப்பை மொட்டைமாடி டேங்க் மோட்டார் மாதிரி உயரம் பாத்து வாங்காதீங்க. பூல்ல எடுத்த தண்ணி பூலுக்கே திரும்புது, அதனால உயரம் பெருசா கணக்கே இல்ல, பைப், வால்வு, ஃபில்டர்ல வர்ற உராய்வுதான் ஹெட், அதாவது பம்ப் சமாளிக்க வேண்டிய எதிர்ப்பு, அதை மீட்டர்ல சொல்வாங்க. சின்ன பூலுக்கு அது 10, 12 மீட்டர் வரும். கடைக்காரர்கிட்ட பம்ப் கர்வ் கேளுங்க, எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணி தள்ளும்னு காட்டுற படம் அது. 12 மீட்டர்ல 7,000, 8,000 லிட்டரும், பேக்வாஷுக்காக 8 மீட்டர்ல 11,000க்கு மேலயும் கொடுத்தா அதுதான் உங்க பம்ப், பெரும்பாலும் முக்கால் ஹெச்பிலயே முடிஞ்சிடும். சக்‌ஷன் பைப் (பூல்ல இருந்து பம்ப்புக்கு வர்றது) 63 எம்எம் பிவிசி போடுங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

குளோரினுக்கு வருவோம். 1 பிபிஎம்னா ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம், நம்ம பூலுக்கு 43 கிராம். நம்ம ஊர் வெயில்ல தினமும் 3 பிபிஎம் போயிடும்னு வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 130 கிராம். சால்ட் குளோரினேட்டர், அதாவது உப்புத் தண்ணியில கரண்ட் விட்டு குளோரின் உண்டாக்குற மெஷின், வாங்குறதா இருந்தா பம்ப் 8 மணி நேரம் ஓடுறப்ப மணிக்கு 16 கிராம் வருது, ஆனா எப்பவும் முழு வேகத்துல ஓடினா குளோரின் உண்டாக்குற செல் சீக்கிரம் தேஞ்சிடும், அதனால 25 கிராம் மெஷின் எடுங்க. உப்பு 3,500 பிபிஎம் வேணும்னா 150 கிலோ, அதாவது அம்பது கிலோ மூட்டை மூணு. போர் தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்கும், அளந்து கழிச்சுட்டுப் போடுங்க.

உப்பு வேண்டாம்னா 10 சதவீத லிக்விட் குளோரின் தினம் 1.3 லிட்டர், இல்ல 65 சதவீத கால்சியம் ஹைப்போ பவுடர் 200 கிராம். ஹைப்போ போட்டா கால்சியம் ஏறும், தோட்டத்துக்கென்ன சிறுவாணி ஆத்துத் தண்ணியா வருது, ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணி, அதனால எங்களுக்கு அது சரிப்படல. ட்ரைகுளோர் மாத்திரை வசதிதான், ஆனா அதுல சயனூரிக் ஆசிட் கூடவே வருது, தினம் 3 பிபிஎம் குளோரினுக்கு மாத்திரையையே நம்பினா ஒரே மாசத்துல 50 பிபிஎம் சேந்துடும், தண்ணியை வெளியேத்தினாத்தான் குறையும். 30ல இருந்து 50 வரைக்கும் அது வெயில்ல இருந்து குளோரினைக் காப்பாத்தும், அதுக்கு மேல ஏற ஏற குளோரினோட வேகமே செத்துடும். ட்ரைகுளோரையும் ஹைப்போவையும் ஒரே டப்பாவுல, ஒரே ஸ்பூன்ல கூடத் தொடாதீங்க, தீப்பிடிச்சு வெடிக்கும்.

தண்ணியோட பிஎச் (அமில, கார அளவு) 7.2ல இருந்து 7.6க்குள்ள இருக்கட்டும், சால்ட் செல் அதை மேல தூக்கிட்டே இருக்கும், வாரம் ரெண்டு தடவை பாருங்க. செல்லை ஃபில்டருக்கு அப்புறம், லைன்ல கடைசியா மாட்டணும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் பண்ற சுவிட்ச்) இல்லாம எதுக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது.

எல்லாம் மாட்டி முதல் பேக்வாஷ் முடிஞ்ச உடனே ஃபில்டர் பிரஷர் கேஜ் கண்ணாடி மேல முள் நிக்கற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு மேல 8 பிஎஸ்ஐ ஏறினா பேக்வாஷ், வெளிய போற தண்ணி தெரியற சைட் கிளாஸ்ல காப்பிக் கலர் போய் தெளிவாகுற வரைக்கும்.