புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு நடையும் பயிற்சியும்: முக்காமல் திரும்பும் வழி

புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தபின், சிறுநீர்ப்பையின் கழுத்தையும் கீழே உள்ள சிறுநீர்த் தாரையையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். ரோபோ வைத்துச் செய்தாலும் வயிற்றைத் திறந்து செய்தாலும் உள்ளே போடும் இந்தத் தையல் ஒன்றுதான். வெளித்தழும்பு சின்னதாக இருக்கிறதே என்று உள்ளேயும் ஆறிவிட்டதாக நம்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் ஆறு வாரம் களைப்பைவிட வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கி முக்கவைக்கும் எந்த வேலையும் உள்தையலையும் வயிற்றுச் சுவரையும் இழுக்கும். சுவர் தளர்ந்தால் பிறகு ஹெர்னியா (குடலிறக்கம்) வரலாம்.

யூரின் டியூப் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் வரை இருக்கும். அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது. இடுப்புக்குழியில் அறுவை செய்தவர்களுக்குக் காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். நடைதான் அதற்கு எளிய தடுப்பு. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடமாக, நாளுக்கு ஐந்தாறு முறை நடங்கள். டியூபோடு இணைத்த சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், டியூப் தொடையில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே இழுபடும். நடந்தபின் சிறுநீர் லேசான ரோஸ் நிறமானால் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், தெளிந்துவிடும். கட்டிகட்டியாக ரத்தம் வந்தாலோ, பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு கனத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டியூபை நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள்.

டியூப் உள்ளே இருக்கும்வரை கெகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி விடுவது) வேண்டாம். எடுத்த பிறகு தொடங்கலாம். எடுத்த அன்று சிறுநீர் ஒழுகத்தான் செய்யும், பயந்துவிட வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, கூடவே ஆண்குறியின் அடிப்பகுதியை உள்ளே இழுப்பதாக எண்ணிச் செய்யுங்கள். கண்ணாடியில் பார்த்தால் குறி சற்று உள்வாங்கும், விரைகள் லேசாக மேலே ஏறும். அப்படித் தெரிந்தால் சரியான தசை அகப்பட்டுவிட்டது. முதலில் 3 விநாடி பிடித்து, அதே அளவு தளரவிடுங்கள். சில வாரங்களில் 10 விநாடி பிடித்து 10 விநாடி விடும் அளவுக்கு வரலாம். ஒரு வேளைக்கு பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அதன்பின் பத்து தடவை சட்சட்டென்று சுருக்கி விடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். பிட்டத்தை இறுக்குவது, மூச்சை அடக்குவது, உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வயிற்றைக் கீழே தள்ளுவது. கடைசியது ஒழுகலைக் கூட்டிவிடும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் தப்பு, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. அதிகமாகச் செய்தால் சீக்கிரம் நிற்கும் என்று நூறு, இருநூறு செய்பவர்களுக்குத் தசை சோர்ந்து மாலையில் கூடுதலாக ஒழுகும்.

இந்தச் சுருக்கத்தை அன்றாடத்தில் புகுத்துவதுதான் உண்மையான பலன் தரும். இருமல், தும்மல், நாற்காலியிலிருந்து எழுவது, எதுவானாலும் முதலில் சுருக்கி, பிறகு செய்யுங்கள்.

டியூப் எடுத்தபின் நடையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தசை களைத்திருக்கும். பத்து நிமிடத்தில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரை மணி நேரத்துக்கு வரலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். ஒழுகலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை எரிந்து அவசரம் கூடும், மலமும் இறுகும். மலச்சிக்கலில் முக்குவது பளு தூக்குவதற்குச் சமம். காபி, டீயைத்தான் குறைக்க வேண்டும்.

ஆறு வாரம்வரை 4 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். நிறைந்த சமையல் கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோ. பேரக்குழந்தையையும் உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்வதே நல்லது. பைக்கில் சீட்டு அழுத்துவது ஒரு பக்கம், சென்டர் ஸ்டாண்ட் போடுவது இன்னொரு பக்கம். இரண்டும் ஆறு வாரத்துக்கு ஆகாது. சைக்கிளுக்கு மூன்று மாதம் பொறுப்பது பாதுகாப்பு. பாயிலிருந்து நேராக நிமிராமல் ஒருக்களித்து, கையை ஊன்றி, மூச்சை விட்டபடி எழுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பின், அறுவை செய்த மருத்துவர் சரி என்றால் தசைப் பயிற்சிக்குப் போகலாம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும். ஒவ்வொன்றும் எட்டு முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். சுமை ஏறும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். பிளாங்க், சிட்-அப், கபாலபாதி எல்லாம் வயிற்றை நேரடியாக அழுத்துபவை, 12 வாரம் வரை தள்ளிவையுங்கள். ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பும் தசையும் தேயும் என்பதால் இந்தப் பயிற்சி இன்னும் அவசியம்; ஆனால் நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த அசைவு கூடாது என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

தினமும் எத்தனை பேட் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பயிற்சியைக் கூட்டிய மறுநாள் எண்ணிக்கை ஏறினால், முந்தைய வாரத்து அளவுக்கு மூன்று நாள் இறங்கி வந்து, பிறகு பாதி அளவு மட்டும் கூட்டிப் பாருங்கள்.