ஏலம் எடுத்தவர் பின்வாங்கினால்: விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய நாணயம், ரூபாய் நோட்டு, தபால் தலை சேர்ப்பவர்களில் பலர் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில்தான் வாங்கி விற்கிறார்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடியும். ஓசூரில் இருந்து ஒருவர், அரூரில் இருந்து ஒருவர் என்று மாறி மாறி ஏற்றி, கடைசியில் ஒருவர் பெயரில் நிற்கும். மறுநாள் பணம் கேட்டால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. இரண்டு நாள் கழித்து "சாரிணா, வேண்டாம்" என்று ஒரு வரி. விற்றவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் அவர் அடுத்துச் செய்யும் காரியங்கள், பின்வாங்கியவரால் வந்த நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்து விடுகின்றன.

முதல் தவறு ஏலத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. பொருளின் படத்தையும் ஆரம்ப விலையையும் போடுவார்கள், விதியை எழுத மாட்டார்கள். நம் பகுதியில் சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்வைப்புத் தொகை கட்டாதவர் அங்கே வாயே திறக்க முடியாது. ஐநூறு ரூபாய் நாணயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் எத்தனை மணிக்கு முடியும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏற்ற வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் பணம் வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வோம் என்ற நான்கையும் ஒவ்வொரு ஏலப் பதிவிலேயே எழுத வேண்டும். குழு விவரத்தில் எப்போதோ எழுதி வைத்ததை யாரும் படிப்பதில்லை.

"முடிந்தது" என்று அறிவிப்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் விடுபவர் அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவடைகிறது. அதுவரை ஏலம் கேட்டவர் தான் சொன்ன விலையைத் திரும்பப் பெறலாம். ஆகவே அட்மின் "இன்ன விலைக்கு இன்னார் பெயரில் முடிந்தது" என்று பதிவிட வேண்டும். நெட்வொர்க் சரியில்லாத இடத்தில் செய்திகள் ஒவ்வொரு போனிலும் வேறு வரிசையில் வந்து சேரலாம் என்பதால், யார் போனில் காட்டும் வரிசை செல்லும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, பின்வாங்குகிற எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது. 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடை, அதில் 80 சதவீதம் வெள்ளி. அந்த 12 கிராமுக்கு விலை போட்டுக் கேட்டவர், மறுநாள் வெள்ளி இறங்கியதும் ஒதுங்குகிறார் என்றால் அவரை அடுத்த ஏலத்தில் சேர்க்க யோசிக்கத்தான் வேண்டும். 1,200 என்று அடிக்க நினைத்து 12,000 அடித்தவர் அப்படி இல்லை. அவர் உடனே சொன்னால் உடனே விட்டுவிடுங்கள். இபே என்ற இணைய ஏலத் தளமே தவறாக அடித்த தொகையைத் திரும்பப் பெற அனுமதிக்கிறது. அப்பாவின் போனில் ஏலம் கேட்கும் பள்ளிப் பையன்கள் இன்னொரு வகை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அவனை மிரட்டி எந்தப் பயனும் இல்லை, மிரட்டவும் கூடாது.

கோபத்தில் செய்யும் பெரிய தவறு, அவருடைய படத்தையும் நம்பரையும் போட்டு "மோசடிப் பேர்வழி" என்று நான்கு குழுக்களில் பரப்புவது. சொன்ன சொல்லை மீறியது வேறு, மோசடி செய்தது வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் அவதூறு குற்றம்தான். சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டியிருக்கும். பணம் வராதவர் ஒருநாள் வழக்கில் நிற்பவர் ஆகிவிடக் கூடாது. அட்மின்களுக்குள் மட்டும் தகவல் சொல்லி, அவரை ஏலத்தில் இருந்து நீக்கினால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது இரண்டாவதாகக் கேட்டவரைப் பற்றித்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஆரம்ப விலை 500. பாலக்கோட்டுக்காரர் 900 வரை வந்து நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் ஓசூர்க்காரரும் காவேரிப்பட்டணத்துக்காரரும் ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஓசூர்க்காரர் பெயரில் 2,450க்கு முடிந்தது. அவர் பின்வாங்கினார். விற்பவர் உடனே காவேரிப்பட்டணத்துக்காரரிடம் "நீங்க கேட்ட 2,400க்கே எடுத்துக்கோங்கண்ணா" என்கிறார்.

காவேரிப்பட்டணத்துக்காரர் இடத்தில் இருந்து யோசியுங்கள். ஓசூர்க்காரர் வராமலே இருந்திருந்தால் 950 ரூபாயில் நாணயம் இவர் கைக்கு வந்திருக்கும். பணமே கட்டாத ஒருவர் ஏற்றிவிட்ட 1,450 ரூபாயை இவர் ஏன் சுமக்க வேண்டும்? அப்புறம் இவர் மனதில் தானாகவே ஒரு கேள்வி வரும்: அந்த ஓசூர்க்காரர் விற்பவரின் ஆளோ? விலையை ஏற்ற ஆள் வைத்துப் பொய்யாகக் கேட்க வைத்தால், வாங்குபவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று அதே 64ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கலாம். ஆனால் சிறிய வட்டத்தில் சந்தேகம் பரவ ஆதாரம் தேவையில்லை.

"2,400 தர அவரே முன்வந்தாரே" என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இபேயில் இரண்டாம் வாய்ப்பு என்ற வசதி, இரண்டாமவர் கேட்ட அதிகபட்ச விலைக்குத்தான் போகிறது. முகம் தெரியாத பெரிய தளத்தில் அது சரி. நம் குழுக்களில் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 950இல் ஆரம்பித்து மறு ஏலம் விடுவதே சரி என்பது என் முடிவு. அதற்கு நேரமில்லை என்றால் இரண்டாமவரிடம் விலையை இறக்கிக் கேளுங்கள். அவர் மறுத்தால் அதைப் பின்வாங்கியதாக எழுதாதீர்கள்.

முதலாமவரின் ஏலத்தை ரத்து செய்யாமலே இரண்டாமவரிடம் பேசுவது இன்னொரு சிக்கல். முதலாமவர் திடீரென்று ஜிபேயில் பணம் போட்டுவிட்டால் ஒரு நாணயத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். முதலில் அவருக்கு இப்படி எழுதுங்கள்: "அண்ணா, ஞாயிறு ஏலத்தில் இந்த நாணயம் உங்கள் பெயரில் 2,450க்கு முடிந்தது. செவ்வாய் இரவு எட்டு மணிக்குள் பணம் வராவிட்டால் ஏலம் ரத்தாகும். அதன்பின் பணம் அனுப்ப வேண்டாம்." நேரம் தாண்டியதும் "ரத்து" என்று ஒரு செய்தி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.

விலை உயர்ந்த பொருளுக்கு முன்பணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வங்கி ஏலங்களைப் பார்த்துவிட்டு "25 சதவீதம் பறிமுதல்" என்று எழுதாதீர்கள். கடனுக்காக வங்கி கையகப்படுத்திய வீடு, நிலத்தை ஏலம் எடுப்பவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியைக் கட்டத் தவறினால் அது போய்விடும். அந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அது தனி விதிகளின் கீழ் நடக்கும் ஏலம். நமக்குப் பொருந்துவது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், அது நியாயமான இழப்பீட்டை மட்டுமே ஏற்கும். பத்து சதவீதம் போதும். ஏலம் கிடைக்காதவர்கள் கட்டிய முன்பணத்தை உடனுக்குடன் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, பின்வாங்காமல் மிகுந்த ஆர்வம் காட்டுபவரிடமும் கவனம் தேவை. அதிக விலைக்குக் கேட்டு ஜெயித்துவிட்டு, "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. இன்னொருவர், பணம் கட்டியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "தவறுதலா அதிகம் போட்டுட்டேன், மீதியைத் திருப்புங்க" என்பார். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள், பணம் வந்த பிறகே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி பழைய நாணயத்துக்குக் கட்டணம், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கும்.