செல் கல்ச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குச் செல் கல்ச்சர், அதாவது உடலுக்கு வெளியே பிளாஸ்கில் செல்களை வளர்ப்பது, பழக்கிவிடும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். அதனால் எது எங்கே போய் முடியும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது.

கையுறை போடுங்கள், ஹூடை (கிருமி புகாமல் செல்லைக் கையாளும் பெட்டியை) 70% ஆல்கஹாலால் துடையுங்கள், திறந்த பிளாஸ்குக்கு மேலே கையை நீட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது, பிளாஸ்கில் இருக்கும் செல்லை ஒரு ரசாயனப் பாட்டில் என்று நினைப்பதால் வரும் தவறுகளை. செல் தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு உணவு இருக்கிறது, பக்கத்தில் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று விடாமல் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்ப எந்த மரபணு இயங்க வேண்டும், பிரிவதா நிற்பதா என்று தன்னை மாற்றிக்கொள்கிறது. நீங்கள் மருந்து ஊற்றும் முன்பே அது பத்து விஷயங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிளாஸ்க் நிரம்பட்டும் என்று காத்திருப்பது

வெள்ளிக்கிழமை போட்ட செல்லைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் இடைவெளியே இல்லாமல் நிரம்பியிருக்கும். "நிறைய செல் கிடைச்சிருக்கு" என்று சந்தோஷமாக அதையே சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியதும் சாதாரணச் செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். ஹிப்போ என்ற சமிக்ஞைப் பாதை விழித்துக்கொள்கிறது. வளர்ச்சி மரபணுக்களைத் தூண்டும் யாப் என்ற புரதம் பாஸ்பேட் ஏற்றப்பட்டு உட்கருவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. செல் சுழற்சிக்குத் தடை போடும் பி27 கூடுகிறது. இந்தப் பாதையை முதலில் பழ ஈக்களில்தான் கண்டுபிடித்தார்கள். ஹிப்போ மரபணு பழுதான ஈயின் உறுப்புகள் எல்லை தெரியாமல் வளர்ந்துவிடும். புற்றுச் செல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆனால் அவையும் மீடியாவில் (செல்லை வளர்க்கும் சத்துத் திரவத்தில்) உள்ள குளுக்கோஸைத் தீர்த்து, லாக்டிக் அமிலத்தைக் கொட்டி, சிவப்பு மீடியாவை மஞ்சளாக்கிவிடும். அப்போது நீங்கள் பார்ப்பது பசியிலும் அமிலத்திலும் தவிக்கும் செல்லை.

இதில் ஒரு நுணுக்கமான பொறி உண்டு. ஒரு மரபணுவை அமுக்குகிறீர்கள், வளர்ச்சி குறைகிறது. மூன்றாம் நாள், மரபணுவை அமுக்காமல் ஒப்பீட்டுக்கு வைத்த கட்டுப்பாட்டுப் பிளேட் நெருக்கமாகவும், உங்கள் பிளேட் காலியாகவும் இருக்கும். இரண்டிலும் ஆர்.என்.ஏ எடுத்து ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியிருப்பதாகத் தெரியும். அதில் பாதி வெறும் நெருக்கத்தின் விளைவாக இருக்கலாம். அறுவடை செய்யும் நேரத்தில் இரண்டும் ஒரே அடர்த்திக்கு வரும்படி தொடக்கத்திலேயே எண்ணிக்கையை மாற்றிப் போடுங்கள். 70 முதல் 80% நிரம்பியதும் பிரித்துப் புதுப் பிளாஸ்குகளுக்கு மாற்றிவிடுங்கள். எத்தனை சதவீதத்தில் எடுத்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள்.

டிரிப்சினை ஊற்றிவிட்டுப் பேசப் போவது

டிரிப்சின் என்ற நொதி செல்லைப் பிளாஸ்டிக்கிலிருந்து மட்டும் பிரிப்பதில்லை. லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடங்களிலெல்லாம் புரதத்தை வெட்டும். செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகளும் அதில் போகும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஏற்பியைக் காணவில்லை என்று ஓடி வருவார்கள். செல் அந்த ஏற்பியைத் தயாரிக்காமல் இல்லை, நீங்கள்தான் சிரைத்துவிட்டீர்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருங்கள். செல்கள் உருண்டையானதும் சீரம் (இரத்தத்தின் தெளிந்த திரவம்) உள்ள மீடியா ஊற்றி நிறுத்துங்கள். மேற்பரப்புப் புரதத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் டிரிப்சினே வேண்டாம், புரதத்தை வெட்டாமல் செல்லின் பிடியைத் தளர்த்தும் ஈ.டி.டி.ஏ மட்டும் போட்டுப் பாருங்கள்.

மைக்கோபிளாஸ்மா பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

இந்தத் தவறைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

சாதாரண பாக்டீரியா புகுந்தால் மறுநாளே மீடியா கலங்கிவிடும். பூஞ்சை வந்தால் இழை இழையாக மிதக்கும். தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். மைக்கோபிளாஸ்மாவும் மிகச் சிறிய ஒரு பாக்டீரியாதான், ஆனால் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடிக்கும் மேல் இருந்தாலும் மீடியா தெளிவாகவே இருக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாது. அதற்குச் செல் சுவர் கிடையாது, அதனால் சுவர் கட்டுவதைத் தடுக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. கூடவே ஊற்றும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் பல இனங்கள் அசைவதில்லை. உடல் வளைந்து கொடுக்கும் என்பதால் 0.22 மைக்ரான் வடிகட்டியில்கூட அழுத்தினால் சில நுழைந்துவிடும். இது புதுப் பிரச்சினையும் அல்ல. 1956-லேயே கல்ச்சரில் வளர்த்த மனிதச் செல்களில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு மாணவி கணையப் புற்றுச் செல்களில் வேலை செய்தாள். ஜெம்சிடபின் என்ற புற்று மருந்தைக் கொடுத்தால் அவளுடைய ஒரு செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) சாகவே இல்லை. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாள், அப்போதும் நன்றாக வளர்ந்தது. எதிர்ப்புத்திறன் கொண்ட வரிசை கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் உற்சாகம். காரணமான மரபணுவைத் தேட ஆரம்பித்தார்கள், ஆர்.என்.ஏ வரிசைப்படுத்தலுக்கும் அனுப்பினார்கள். "மைக்கோபிளாஸ்மா பார்த்தாச்சா?" என்று கேட்டேன். "செல் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

கடைசியில் மைக்கோபிளாஸ்மாவின் டி.என்.ஏ-வைத் தேடும் பி.சி.ஆர் செய்தபோது, தொற்றைக் காட்டும் பட்டை அழுத்தமாக வந்தது. ஜெம்சிடபின், சைட்டிடின் என்ற நியூக்ளியோசைடைப் போல உருவாக்கப்பட்ட மருந்து. மைக்கோபிளாஸ்மாவிடம் சைட்டிடின் டிஅமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மருந்திலிருந்து அமினோ குழுவை நீக்கிச் செயலற்றதாக மாற்றிவிடும். செல்லுக்கு எந்த எதிர்ப்புத்திறனும் இல்லை. மருந்து செல்லைப் போய்ச் சேரவே இல்லை. முற்றிலும் சுத்தமான செல்லை எடுத்து அதே மருந்தைக் கொடுத்ததும் ஒழுங்காகச் செத்தது. அத்தனை மாத வேலையும் ஒரு பாக்டீரியாவின் நொதியைப் பற்றியது. உறைய வைத்திருந்த வயல்களிலும் (சிறு குப்பிகளிலும்) அதுவே இருந்ததால் எல்லாவற்றையும் எறிய வேண்டியதாயிற்று. அந்தச் செல் வேறொரு குழுவிடமிருந்து அன்பளிப்பாக வந்தது. வந்த அன்றே பொது ஹூடில் வைத்துத் திறந்திருக்கிறார்கள்.

மருந்து மட்டுமல்ல, செல்லின் ஒழுங்கமைப்பு முழுவதிலும் இது கை வைக்கும். மைக்கோபிளாஸ்மாவின் மரபுத்தொகுதி மிகச் சிறியது. பெரும்பாலான அமினோ அமிலங்களையும் நியூக்ளியோடைடு மூலப்பொருள்களையும் அதனால் தயாரிக்க முடியாது, எல்லாவற்றையும் உங்கள் மீடியாவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எம். (மைக்கோபிளாஸ்மா) ஓரேல், எம். ஆர்ஜினினி போன்ற இனங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஆற்றல் பெறுகின்றன. ஆர்ஜினின் குறைந்தால் எம்டார் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மையம் அடங்கிப்போகும், புரத உற்பத்தி குறையும், செல் பிரிவது மெதுவாகும். டி.என்.ஏ-வின் மூலப்பொருளான தைமிடினை அது உடைத்துவிடுவதால், குறியிட்ட தைமிடினைக் கொண்டு பிரிவை அளந்தால் செல்கள் பிரியவே இல்லை என்று வரும். அதன் சவ்விலுள்ள லிப்போபுரதங்களை டி.எல்.ஆர்2 என்ற ஏற்பி அடையாளம் கண்டு, என்.எஃப் கப்பா பி வழியாக அழற்சி மரபணுக்களை இயக்கிவிடும். நீங்கள் அழற்சியைப் படிக்கிறவர் என்றால் எதையும் சேர்க்கும் முன்பே உங்கள் கட்டுப்பாட்டுச் செல் கொதித்துக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் செல் சாகாது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் வித்தியாசமாக வாழும். அந்த வித்தியாசத்தை நீங்கள் உயிரியல் என்று எழுதி அனுப்புவீர்கள்.

எங்கிருந்து வருகிறது? எம். ஓரேல் மனித வாயில் இருப்பது, நாம் பேசுவதிலிருந்து வரும். எம். ஆர்ஜினினி, ஆக்கோலிபிளாஸ்மா லெய்ட்லாவி இரண்டும் மாட்டுச் சீரத்திலிருந்து வருபவை. எம். ஹையோரைனிஸ் பன்றியிலிருந்து எடுக்கும் டிரிப்சினோடு வந்த வரலாறு உண்டு. இன்று சீரமும் டிரிப்சினும் பரிசோதிக்கப்பட்டே வருகின்றன. அதனால் ஒரு ஆய்வகத்துக்குள் இது பரவுவதற்கு முதல் காரணம், ஏற்கனவே தொற்றிய இன்னொரு பிளாஸ்க். பிப்பெட்டிலிருந்து தெறிக்கும் துளி போதும். ஹூடின் மேற்பரப்பில் காய்ந்த துளியிலும் அது நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். பொது மீடியா பாட்டிலுக்குள் ஒருமுறை போய்விட்டால் அந்த அறையிலுள்ள எல்லோருக்கும் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். புதிதாக வரும் எந்தச் செல்லும், யார் கொடுத்ததாக இருந்தாலும், முதலில் தனி இன்குபேட்டரில் இருக்கட்டும். அன்றைய வேலையில் அதைக் கடைசியாகத் தொடுங்கள், அதற்கென்று தனி மீடியா பாட்டில் வையுங்கள். ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு பாஸேஜ் (செல்லைப் பிரித்துப் புதுப் பிளாஸ்குக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாஸேஜ்) வளர்த்து, மீடியாவை இரண்டு மூன்று நாள் மாற்றாமல் விட்டு, செல் நிரம்பும் தறுவாயில் இருக்கும்போது மீடியாவை எடுத்துப் பி.சி.ஆர் செய்யுங்கள். அதில், பி.சி.ஆர் வேலை செய்தது என்று காட்டும் உட்கட்டுப்பாட்டுப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். செல் குப்பை பி.சி.ஆரையே தடுத்துவிட்டால் தொற்று இல்லை என்று பொய்யாகக் காட்டும்.

சந்தேகம் இருந்தால் டி.என்.ஏ-வில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு ஃப்ளோரசன்ஸில் பாருங்கள். சுத்தமான கல்ச்சரில் நீல நிற உட்கருக்கள் நீள்வட்டமாகத் தெரியும், அவற்றுக்கு நடுவே முழு இருட்டு. தொற்றிய கல்ச்சரில் அந்த இருட்டில், செல்லின் விளிம்பு ஓடும் இடமெல்லாம், உப்பைத் தூவியது போல நீலப் புள்ளிகள் மின்னும். ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்லை. புதியவர்களுக்கு வேண்டுமென்றே அந்த ஸ்லைடைக் காட்டுகிறேன்.

தொற்று உறுதியானால் எறிந்துவிடுங்கள். மைக்கோபிளாஸ்மாவைக் கொல்லும் மருந்துகள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சும் செல்கள் பழைய செல்கள்தான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேறெங்கும் கிடைக்காத செல் என்றால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

ஆன்டிபயாடிக்கை எப்போதும் ஊற்றிக்கொண்டிருப்பது

சோம்பேறித்தனமான கைவேலையை மறைக்கும். நிறுத்துங்கள்.

ட்யூபின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்புவது

1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் அனுமதி கேட்காமலே எடுத்து வளர்க்கப்பட்டவை ஹீலா செல்கள். அவற்றின் வளர்ச்சி வேகத்துக்கு முன் மற்ற செல்கள் நிற்காது. ஒரு துளி தவறி விழுந்தால் சில பாஸேஜில் பிளாஸ்க் முழுவதும் ஹீலாவாகிவிடும். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர், பல உறுப்புகளின் பெயரில் புழங்கிய செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று நொதி வகையை வைத்துக் காட்டினார். கல்லீரல் என்று விற்ற சாங் லிவர், குடல் என்ற இன்டெஸ்டைன் 407, குரல்வளை என்ற ஹெப்-2 எல்லாம் ஹீலாவே. மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் பயன்படுத்திய எம்.டி.ஏ-எம்.பி-435, எம்14 என்ற மெலனோமா வரிசை. தவறான அடையாளத்தோடு புழங்கும் செல்களின் பட்டியலை ஐக்லாக் என்ற சர்வதேசக் குழு வெளியிடுகிறது, அதில் 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள். அப்புறம் எஸ்.டி.ஆர் பரிசோதனை (செல்லின் டி.என்.ஏ கைரேகை) செய்து, கிடைக்கும் விவரத்தைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள்.

பாஸேஜ் எண்ணை எழுதாமல் விடுவது

1912-ல் அலெக்சிஸ் காரெல் தொடங்கிய கோழி இதயக் கல்ச்சர் அவர் இறந்த பிறகும், 1946 வரை வளர்ந்தது. அதை வைத்துச் செல்லுக்கு முடிவே இல்லை என்று உலகம் நம்பியது. உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1961-ல் ஹேஃப்லிக், மூர்ஹெட் இருவரும் சாதாரண மனிதச் செல் சுமார் 50 முறை இரட்டித்ததும் நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் முனையான டெலோமியர் குறைந்து, ஒரு கட்டத்தில் செல் அதைச் சேதமாகக் கருதிப் பிரிவதை நிறுத்துகிறது. உடலிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மைச் செல்லில் பாஸேஜ் 4-ஐயும் பாஸேஜ் 14-ஐயும் ஒரே வரைபடத்தில் சேர்க்காதீர்கள். சாகாத வரிசைகளும் விலக்கல்ல. ஓயாமல் வளர்த்தால் வேகமாகப் பிரிபவை மட்டும் மிஞ்சும்.

சீரம் பாட்டில் மாறியதைக் கவனிக்காதது

தொகுதி எண் மாறினால் வளர்ச்சிக் காரணிகளின் அளவும் மாறும். பழையது தீருமுன் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டி.எம்.எஸ்.ஓ கட்டுப்பாடு இல்லாத மருந்துச் சோதனை

மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ-வை மட்டும் ஊற்றிய செல் பக்கத்தில் இல்லையென்றால், முடிவை என்னிடம் காட்ட வேண்டாம்.

உறைய வைப்பதில் அவசரப்படுவது

நன்றாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லை உறைய வையுங்கள், மீந்துபோன பிளாஸ்கை அல்ல. 10% டி.எம்.எஸ்.ஓ, நிமிடத்துக்கு சுமார் 1 டிகிரி வீதம் குளிர்ச்சி, பிறகு திரவ நைட்ரஜன். மெதுவாகக் குளிர்ந்தால்தான் நீர் செல்லை விட்டு வெளியேற நேரம் கிடைக்கும், இல்லாவிட்டால் உள்ளேயே பனிப்படிகம் உருவாகிச் சவ்வைக் கிழிக்கும். உருக்குவது நேர்மாறு: 37 டிகிரியில் வேகமாக. மைக்கோபிளாஸ்மா முடிவு வராத செல்லை வயலில் அடைக்காதீர்கள், திரவ நைட்ரஜனிலும் அது பிழைத்துக்கொள்ளும். அடைத்த ஒரு வாரத்துக்குள் ஒரு வயலை எடுத்து வளர்த்துப் பாருங்கள். அது எழுந்து ஒட்டிப் பிரிந்த பிறகு, மூல பிளாஸ்கை எறியலாம்.