கழிவுநீரின் சி.ஓ.டி.யை உடனுக்குடன் பார்ப்பது எப்படி? யு.வி. சென்சார் பொருத்தும் முறை

திங்கட்கிழமை காலை எடுத்த கழிவுநீர் மாதிரியின் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்) முடிவு வியாழக்கிழமைதான் கைக்கு வரும். மாதிரியை 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பது நம் நாட்டு முறை. சி.ஓ.டி. (அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) சோதனை கொஞ்சம் வேகமானது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கினால் போதும். ஆனால் அந்த 2 மணி நேரத்துக்குள் சுத்திகரித்த தண்ணீர் தென்னைக்குப் பாய்ந்து முடிந்திருக்கும். வாய்க்காலில் விட்டிருந்தால் வைகையை நோக்கிக் கிளம்பியிருக்கும்.

மதுரை மேலூர் சாலைப் பக்கம் ஒரு மாணவர் விடுதியின் எஸ்.டி.பி.யை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே யு.வி. (புற ஊதா ஒளி) சென்சார் வைத்துப் பழகியதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தச் சென்சார் சி.ஓ.டி.யை அளப்பதில்லை. 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைத் தண்ணீருக்குள் அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று மட்டும் பார்க்கிறது. வளைய அமைப்பும் இரட்டைப் பிணைப்பும் உள்ள கரிமப் பொருள்கள் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும். சர்க்கரை, சாராயம், அசிட்டிக் அமிலம் போன்றவை அநேகமாக உறிஞ்சாது.

விடுதிச் சமையலறையில் பாயச அண்டாவைக் கழுவி ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு கிராம் குளுக்கோஸ் ஏறத்தாழ 1.07 கிராம் ஆக்சிஜனைக் கேட்கும். சி.ஓ.டி. ஏறிவிடும், சென்சாரோ அசையாது. சுங்குடிச் சாயப்பட்டறைத் தண்ணீரில் கதை தலைகீழ். சாயமே ஒளியை விழுங்குவதால் திரையில் எண் மிக அதிகமாக நிற்கும். நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்கு அந்த அளவுக்கு இருக்காது. ஆகவே ஒரு பட்டறையின் கணக்கு விடுதிக்கு உதவாது. சென்சார் எண்ணுக்கு எவ்வளவு சி.ஓ.டி. என்று காட்டும் கோட்டை உங்கள் தண்ணீருக்கு நீங்களே போட வேண்டும்.

படி 1: இடம்

ஏரேஷன் டேங்க் (காற்றூதும் தொட்டி) வேண்டாம். காற்றுக்குமிழியும் ஸ்லட்ஜும் (நுண்ணுயிர்ச் சேறும்) ஒளியை மறித்துவிடும். படிவுத் தொட்டியைத் தாண்டி, குளோரின் கலப்பதற்கு முன்னால் வையுங்கள். குளோரின் பட்டால் ஒளியை உறிஞ்சும் பிணைப்புகள் உடைந்துவிடும். சி.ஓ.டி. அப்படியே இருக்க, திரையில் மட்டும் தண்ணீர் சுத்தமானதுபோல் காட்டும். மூலையில் தேங்கி நிற்கும் தண்ணீரும் கூடாது. குழாயில் பொருத்தினால் நீர் கீழிருந்து மேலே போகட்டும். குமிழி தானாக வெளியேறிவிடும்.

வாங்கும்போது ஒளிப்பாதையின் நீளத்தைக் கேளுங்கள். சுத்திகரித்த நீருக்கு 10 மில்லிமீட்டர் ஒத்துவரும். சுத்திகரிக்காத கழிவுநீருக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் சரி. கலங்கலைக் கழிக்க 550 நானோமீட்டர் வாக்கில் இரண்டாவது ஒளி உள்ள சென்சார் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

படி 2: பூஜ்யமும் கம்பியும்

காய்ச்சி வடித்த நீரில் சென்சாரை முக்கிப் பூஜ்யம் வையுங்கள். சிக்னல் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். அளவுகோலை 0 முதல் 500 என்று வைத்தால் 4 என்பது பூஜ்யம், 12 என்பது 250. கம்பி அறுந்தால் 0 மில்லி ஆம்பியர் காட்டும். அதைச் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 3: கோடு போடுவது

இதில்தான் அவசரப்படக் கூடாது. நான் முதல் தடவை எல்லா மாதிரிகளையும் காலை பத்து மணிக்கே எடுத்தேன். எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. கோடு அழகாகத்தான் வந்தது. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து அண்டாக்கள் கழுவும் நேரத்துக்கு அது பொருந்தவே இல்லை. இரண்டு வாரம் தவறான எண்ணை நம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று பிரித்து எடுங்கள், ஞாயிற்றுக்கிழமையையும் சேருங்கள். இருபது, முப்பது மாதிரி இருந்தால் நல்லது. புட்டியில் பிடிக்கும் அதே நிமிடம் திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக் கூடம் தூரம் என்றால் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். நம்மூர் வெயிலில் வண்டி டிக்கியில் வைத்தால் வழியிலேயே பாதி மாறிவிடும்.

பிறகு எக்செல்லில் குறுக்கே சென்சார் எண், மேலே சி.ஓ.டி. உதாரணத்துக்கு 15-க்கு 38, 25-க்கு 58, 40-க்கு 88 என்று வந்தால், சென்சார் எண்ணை 2-ஆல் பெருக்கி 8 கூட்டினால் சி.ஓ.டி. நிஜத்தில் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக நிற்காது, கொஞ்சம் சிதறும். சிதறல் அதிகமானால் பகலுக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

படி 4: துடைப்பது

கண்ணாடியில் வழவழவென்று பாசி படியும். உப்பு அதிகமான போர் தண்ணீர் என்றால் வெள்ளைப் படலமும் சேரும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள். வெள்ளைப் படலத்துக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம் போதும். துடைப்பதற்கு முன்பும் பின்பும் காய்ச்சி வடித்த நீரில் எண்ணைப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் அழுக்கு கூட்டிக்காட்டிய பொய் எண். அது பெரிதானால் வாரத்துக்கு இரண்டு முறை துடைக்க வேண்டும்.

படி 5: அலாரம்

2017 மத்திய அரசு அறிவிக்கைப்படி பி.ஓ.டி. வரம்பு பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களுக்கு 30. மாசு கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குக் கொடுத்த இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்த வரம்புக்கு நேரான சி.ஓ.டி. எவ்வளவு என்று உங்கள் பழைய முடிவுகளில் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே அலாரம் வையுங்கள்.

அலாரம் அடித்தால் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். எண் இறங்கவில்லையா, ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் காற்றூதும் புளோயரைக் கவனிக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் உள்ளே வரும் கழிவுநீரைக் குறைத்து, வெளியேறும் தண்ணீரைச் சமநிலைத் தொட்டிக்கே (உள்ளே வரும் கழிவுநீர் முதலில் சேரும் தொட்டி) திருப்பிவிடுங்கள். இவ்வளவுக்கும் நடுவில், அலாரம் அடித்ததுமே ஒரு புட்டி மாதிரி பிடித்து வைக்க மறக்காதீர்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நிறையும் லாட்ஜ்களில் எஸ்.டி.பி. பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த நாட்களின் தண்ணீர் சாதாரண நாட்களில் போட்ட கோட்டில் இருக்காது.