‘டீடூர்’ படத்தைப் பாடமாகக் கொண்டு திருநெல்வேலியில் ஒரு நுவார் குறும்படம் எடுப்பது எப்படி?

கையில் பணம் இல்லாமல் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது, எட்கர் ஜி. உல்மர் இயக்கி 1945-இல் வெளிவந்த ‘டீடூர்’ (Detour) என்ற அமெரிக்கப் படம். நுவார், அதாவது குற்றமும் இருளும் சூழ்ந்த கதைவகையைச் சேர்ந்தது. பி.ஆர்.சி. என்ற சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. 70 நிமிடம்கூட ஓடாது. 6 நாளில் எடுத்து முடித்ததாக உல்மர் பின்னாளில் சொன்னார்; அதைவிடக் கூடுதலான நாட்கள் பிடித்தன என்று ஆய்வாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள். எத்தனை நாளானாலும், குறைந்த செலவில் எடுத்த அந்தப் படம் 1992-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றது.

நியூயார்க் விடுதியொன்றில் பியானோ வாசிக்கும் ஆல், லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் காதலியைப் பார்க்க, வழியில் வரும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறிப் போகிறான். ஏற்றிக்கொண்ட கார்க்காரர் ஹாஸ்கெல் வழியிலேயே இறந்துபோகிறார். போலீஸ் தன்னைத்தான் பிடிக்கும் என்று அஞ்சி, அவருடைய உடை, பணம், உரிமம், கார், பெயர் அனைத்தையும் ஆல் எடுத்துக்கொள்கிறான். பிறகு அவனே பரிதாபப்பட்டு ஏற்றிக்கொள்ளும் வேரா என்ற பெண், முன்பு அதே ஹாஸ்கெலுடன் அதே காரில் வந்தவளாக இருக்கிறாள். கதை முழுவதையும் ஆல்தான் நமக்குச் சொல்கிறான். அவன் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க வேறு சாட்சியே இல்லை. படத்தின் சிக்கனம் முழுவதும் இந்த ஒரு முடிவில்தான் ஊன்றி நிற்கிறது. காட்ட வசதியில்லாததை எல்லாம், கதை சொல்பவன் பார்க்காததாக, அல்லது நமக்குச் சொல்ல விரும்பாததாக மாற்றிவிட்டார் உல்மர். கீழே வரும் ஒவ்வொரு உத்தியையும் இந்த அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

முதல் வேலை கதையை நம் ஊருக்குக் கொண்டுவருவது. பியானோக்காரனுக்குப் பதிலாக, கோயில் கொடைகளில் மெல்லிசைக் குழுவோடு போய் கீபோர்டு வாசிக்கும் ஒருவனை வைத்துக்கொள்ளலாம். மதுரையில் கச்சேரி முடிந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன், நாகர்கோவில் போகும் காரில் ஏறுகிறான். கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான், நாங்குநேரி, வள்ளியூர் என்று வழிநெடுகப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. ‘டீடூர்’ படத்தில் பயணத்தை வரைபடத்தின் மேல் நகர்த்திக் காட்டுவார்கள். நமக்கு இந்தப் பலகைகள் நான்கைந்தைப் பகலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஒளியைக் குறைத்து இரவாக்கினால் போதும்.

அடையாளத் திருட்டை இன்றைக்கு நம்ப வைப்பதுதான் கடினம். ஆதாரில் படம் இருக்கிறது. கைப்பேசி விரல்ரேகை கேட்கிறது. இதைத் தடையாகக் கருதிக் கதையை எண்பதுகளுக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் காரும் உடையும் தேடுவதிலேயே இருக்கிற பணம் கரைந்துவிடும். திறக்க முடியாத அந்தக் கைப்பேசியையே பாத்திரமாக்குங்கள். இறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு இவன் காரை ஓட்டுகிறான். பக்கத்து இருக்கையில் கைப்பேசி அதிர்கிறது. திரையில் ‘அப்பா’ என்று வருகிறது. எடுக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடந்ததும் பாஸ்டேக்கில் பணம் பிடித்த செய்தி அதே திரையில் ஒளிர்கிறது. அந்த ஒளி அவன் கன்னத்தில் விழுந்து அணைவதை மட்டும் எடுத்தால் சாவடியைக் காட்டவே வேண்டியதில்லை. அனுமதியின்றி நெடுஞ்சாலையில் படம் பிடிக்கும் ஆபத்தும் தவிர்க்கப்படும்.

ஓடும் காரை ஓட்டாமலேயே எடுக்க வேண்டும். உல்மர் காரை அரங்கில் நிறுத்தி, பின்னால் சாலைக் காட்சியைத் திரையிட்டார். நீங்கள் இருட்டான களத்துமேட்டில் காரை நிறுத்துங்கள். இரண்டு பேர் எல்.இ.டி. டார்ச்சுகளைத் தோளுயரத்தில் பிடித்து, காரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஒரே வேகத்தில் மாறி மாறி நடக்கட்டும். மூன்றாமவர் பின்பக்கப் பம்பரை மெல்ல அழுத்தி அழுத்தி விடட்டும். மழை வேண்டுமென்றால் தோட்டக் குழாயால் முன்கண்ணாடியில் நீர் தெளித்து, ஒரு விளக்கைத் துளிகளுக்குப் பின்னால் வையுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை கண்ணுக்கே தெரியாது; பலரும் தடுக்கி விழும் இடம் இது.

நியூயார்க் தெருவை உல்மர் கட்டவில்லை; மூடுபனியைப் பரப்பி, தெருப்பெயர்ப் பலகைகளைக் காட்டி, அதற்குள் காதலர்களை நடக்கவிட்டார். நம் ஊரில் மூடுபனி ஏது? டவுன் ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் முடுக்கு ஒன்றில், தேங்காய் நாரும் சாம்பிராணியும் இட்ட தூபக்கால்கள் நான்கை வைத்தால் புகை நிற்கும். சாரல் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இது பலிக்காது. நாங்கள் ஒருமுறை முயன்று, ஓர் இரவு முழுவதையும் இழந்தோம். காற்று அசையாத விடியற்காலை நான்கு மணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தெருக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதையும்கூட.

ஒரு எச்சரிக்கை. ஆல் வண்டிக்குக் கை காட்டும் காட்சிகளில் படச்சுருளை இடவலமாகத் திருப்பிப் போட்டிருப்பதால், அமெரிக்கச் சாலையில் கார்கள் இடப்பக்கம் போகின்றன. மேற்கே போகும் திசை திரையில் மாறாதிருக்க அப்படிச் செய்ததாகக் கருதப்படுகிறது. கணினியில் அதை நீங்களும் ஒரு நொடியில் செய்யலாம்; ஆனால் தமிழ்ப் பலகையோ வண்டி எண்ணோ படச் சட்டத்துக்குள் இருந்தால் இடவலம் மாறிய எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

குரலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் நின்று பதிவு செய்தால் எதிரொலி இராது. படம் காட்டுவதையே குரலும் சொல்லக் கூடாது. ஓரிடத்திலாவது இரண்டும் முரண்பட வேண்டும். ‘நான் அவரைத் தொடவே இல்லை’ என்று குரல் சொல்லும்போது, சட்டைப் பொத்தானைக் கழற்றும் கை தெரியட்டும். நினைவுக்குள் போகும் இடத்துக்கு உல்மரின் வழியே சிறந்தது: உணவகத்தில் சுற்றியுள்ள வெளிச்சம் மங்கி, ஆலின் கண்களில் மட்டும் ஓர் ஒளிப்பட்டை தங்கும். நடுவில் கீறல் விட்ட அட்டையை விளக்கின் முன் பிடித்தால் அதே பட்டை கிடைக்கும்.

நடிப்பில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது தேநீர்க்கடைக் காட்சியை. கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை நீட்டியபடி, “அண்ணாச்சிக்கு எந்த ஊரு? பேரு என்ன?” என்று சாதாரணமாகக் கேட்கிறார். இறந்தவனின் பெயரை அவன் முதன்முதலாகத் தன் வாயால் சொல்லும் கணம் அது. பதில் உடனே வரக் கூடாது. நீண்ட மௌனமும் கூடாது. சூடான தம்ளரை விளிம்பில் பிடித்து, ஒருமுறை கை மாற்றி, பிறகு சொல்லட்டும். அந்தக் கை மாற்றும் நேரம்தான் அளவு.

சாவுக் காட்சியில் விவரம் வேண்டாம். ‘டீடூர்’ படத்தில் வேரா இறந்த பிறகு கேமரா அறைக்குள்ளிருக்கும் பொருள்களின் மேல் ஒவ்வொன்றாக நகர, ஒவ்வொன்றும் தெளிந்து மங்கும். கைப்பேசிக் கேமராவின் கைமுறைக் குவியத்தில் (manual focus) இது முடியும். பத்து முறை ஒத்திகை பாருங்கள்.

பன்னிரண்டு நிமிடங்களுக்குள் தொகுத்து, கதை தெரியாத இருவருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவன்மேல் முதல் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். சந்தேகமே வரவில்லை என்றால் குரலைத் திருத்தி எழுத வேண்டும். இருவரும் வெவ்வேறு இடங்களைச் சொன்னால் தொகுப்பை அத்துடன் நிறுத்திவிடலாம்.