மரம் ஒரு வரம் என்று எத்தனை முறைதான் எழுதுவது? தொடக்க வகுப்பில் கவிதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாள் நெருங்கினால் கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் கவிதைப் போட்டி பற்றிய பேச்சு தொடங்கிவிடும். தலைப்பு மரம், மழைநீர், தாய், தமிழ் என்ற நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மறுநாள் ஆசிரியர் மேசையில் சேரும் தாள்களில் பல, ‘மரம் ஒரு வரம்’ என்று தொடங்கும். கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது. வரிகள் அக்காவோ அப்பாவோ கொடுத்தவை. இப்போது கைப்பேசியும் கொடுக்கிறது. மூன்று பேர் சான்றிதழ் வாங்குவார்கள். மற்றவர்கள் ‘எனக்குக் கவிதை வராது’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார்கள். ஏழு வயதில் எடுக்கிற முடிவா அது?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த வகுப்புகளில் நடக்கும் தவறுகள் பல என்றாலும் வேர் ஒன்றுதான். பிள்ளை பென்சிலை எடுப்பதற்கு முன்பே, வரப்போகும் கவிதை எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுகிறார். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடித்து அதையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரிய தலைப்பு, வெறுங்கை

‘இயற்கை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது முதல் தவறு. இயற்கையை யாரும் பார்த்ததில்லை. பிள்ளை பார்த்தது வேலியில் ஓடிய ஓணானை, கொல்லைப்புறத்து முருங்கையில் ஊர்ந்த கம்பளிப்பூச்சியை. பெரிய சொல்லைக் கொடுத்தால் பெரியவர்களின் சொற்களே திரும்பி வரும்.

கையில் ஒரு பொருளோடு வகுப்புக்குள் போங்கள். கடலூர் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பழம் கிடைக்கும். கொட்டையோடு நான்கைந்து பழங்களைக் கொண்டுபோய் வரிசைக்கு ஒன்று கொடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பச்சைக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் கொட்டையைத் துணியில் சுற்றிவிடுங்கள், அல்லது நீங்களே கையில் பிடித்துக் காட்டுங்கள். யாரையும் கடிக்க விடாதீர்கள். பழத்தைத் தொடலாம், முகரலாம், அழுத்திப் பார்க்கலாம்.

பிறகு கேள்விகள். “அழகாக இருக்கிறதா?” என்று கேட்டால் “ஆமாம் டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும், பேச்சு அதோடு தீர்ந்தது. “இதன் கொட்டை ஏன் வெளியே தொங்குகிறது?” என்று கேளுங்கள். உள்ளே இடமில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும். அம்மா திட்டினாள், வெளியே வந்துவிட்டது என்று இன்னொன்று சொல்லும். பழம் கொட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று ஒருவன் சொல்ல, பழத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “இல்லை, கொட்டைதான் பழத்தைத் தூக்குகிறது” என்று பக்கத்தில் இருப்பவள் சண்டைக்கு வருவாள். அந்தச் சண்டையை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். நான்கு வரிக் கவிதை ஒன்று அங்கே கிடைத்துவிட்டது. முந்திரிச் சாற்றின் கறை துவைத்தாலும் போகாது என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். “என் சட்டையில் போன வருடப் பழம் இன்னும் இருக்கிறது” என்பது போன்ற ஒரு வரி இந்தப் பேச்சிலிருந்துதான் வரும். ‘இயற்கை’ என்ற தலைப்பு அதை ஒருநாளும் கொடுக்காது. (வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் வாயைத் திறந்து ‘முந்திரிக்கொட்டை’ என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு அன்று மட்டும் தனி மரியாதை.)

கடலோரப் பள்ளி என்றால் இதே நியாயம்தான். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ ‘கடல்’ என்று தலைப்புக் கொடுத்தால் ‘நீலக் கடலே, நீண்ட கடலே’ என்று வரும். விடியற்காலை வலையில் மீனைத் தவிர வேறென்ன வந்தது என்று கேட்டால், கரையில் வலையைப் பிரிக்கும் சித்தப்பாவும், காலில் குத்திய நண்டும், சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டு வந்த தடிப்பும் வகுப்புக்குள் வந்துவிடுவார்கள்.

எதுகைக்காக ஓடும் ஆடு

முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்று இலக்கணத்தை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது எழுதுங்கள் என்பது அடுத்த தவறு. கடலூர் முதுநகர்த் தெரு ஒன்றில், மீன்கூடைக்குப் பக்கத்தில் கட்டிக்கிடக்கும் ஆட்டைப் பற்றி எழுத ஒரு பையன் உட்காருகிறான். அந்த ஆடு காய்ந்துபோன போஸ்டரைத் தின்னும். அதைத்தான் அவன் சொல்ல வந்தான். ஓசை ஒத்துவர வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் ஆடு, காடு, மேடு, ஓடு என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. வாழ்நாளில் காட்டைப் பார்க்காத ஆடு காட்டுக்குப் போய்விட்டது. போஸ்டர் போயே போய்விட்டது.

எதுகையும் மோனையும் இல்லாமல் கவிதையா என்று கேட்பவர்கள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். குழந்தைகளுக்கான ஓசை நிறைந்த பாட்டையும், யாப்புக்குக் கட்டுப்படாத வசன கவிதையையும் அந்தக் காலத்தில்தான் எழுதினார். ஒரே ஊர், ஒரே ஆள். அவரைச் சந்தித்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட பாரதிதாசனோ, யாப்பில் ஊறியவர். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு தமிழ் கற்பித்தவர். இரண்டு வழியும் நம் வீட்டு வழிதான்.

ஓசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறு பிள்ளைகள் ஓசையில்தான் வாழ்கிறார்கள். விடுகதை, கண்ணாமூச்சிப் பாட்டு, நா பிறழவைக்கும் தொடர்கள் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஓசையை விதியாகக் கொடுக்காமல் விளையாட்டாகக் கொடுங்கள். சலசல, கடகட என்று நமக்கு இரட்டைக்கிளவி ஏராளம். ‘திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ரயில் நின்ற பிறகு அது விடும் மூச்சுக்கு ஒரு சத்தம் கண்டுபிடி’ என்று சொல்லிப் பாருங்கள். அகராதியில் இல்லாத ஐந்தாறு சத்தங்கள் வந்து விழும். அவற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்த வகுப்புக்குக் கவிதை என்றால் பயம் இருக்காது.

கடைசி வரியில் கருத்து

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு இதுதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் கரையோரத் தெருக்களில் புகுந்தது. அதைப் பார்த்த ஒரு சிறுமி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

தண்ணீர் உள்ளே வந்தது
அம்மா டிவியைத் தூக்கி
பரண்மேல் வைத்தாள்
அரிசியை வைத்தாள்
என்னையும் வைத்தாள்

இதைவிட என்ன வேண்டும்? ஆனால் “கருத்து எங்கே? முடிவில் ஒரு கருத்துச் சொல்” என்று ஆசிரியர் கேட்பார். பிள்ளையும் கீழே ‘ஆகவே நீர்நிலைகளைக் காப்போம்’ என்று சேர்க்கும். டிவிக்கும் அரிசிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த சிறுமி எழுந்து மேடைக்குப் போய் மைக் பிடித்துவிட்டாள். கட்டுரைக்கு முடிவுரை எழுதிப் பழகிய பழக்கம் இது. கட்டுரை வகுப்பில் அது இருக்கட்டும். கவிதை எழுதும் பாடவேளையில் ‘ஆகவே’, ‘எனவே’, ‘-ஓம்’ என்று முடியும் வரிகளுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். பிள்ளையே சேர்த்து எழுதியிருந்தால் கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு மற்றதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று வகுப்பே சொல்லும்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டை, படகை, சொந்தங்களை இழந்த குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. 2004 சுனாமி, 2011 தானே புயல் பற்றியெல்லாம் தாத்தா, ஆயா சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். தானாக எழுதினால் எழுதட்டும். ‘உன் சோகத்தை எழுது’ என்று நாம் தலைப்புக் கொடுக்கக் கூடாது. எழுதிய தாளை, கேட்காமல் எடுத்துக் காலைக் கூட்டத்தில் படிக்கவும் கூடாது.

சிவப்பு மை

இரண்டாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கும் வேகத்தில் எழுத முடியாது. ‘ந்’ போடுவதா ‘ன்’ போடுவதா என்று நின்று யோசிப்பதற்குள் வரி பறந்துவிடும். அதனால் தொடக்கத்தில் சில வாரங்கள் எல்லாமே வாய்மொழியாக இருக்கட்டும். பிள்ளைகள் சொல்லட்டும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். முதல் நாளே ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பது வேண்டாத வேலை.

தாங்களே எழுதத் தொடங்கியபின் ல, ள, ழ குழப்பம் வரத்தான் செய்யும். ‘மலை பெய்தது’ என்று எழுதியிருந்தால் பொருளே மாறுவதால் மெதுவாகக் கேட்டுத் திருத்தலாம். ஒற்று மிகும், மிகாது என்பதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். இன்னொரு நாள் நன்றாகப் படியெடுக்கும்போது உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ‘எங்கள் ஆயா’ என்று எழுதிய பிள்ளையின் தாளில் அதை அடித்துவிட்டுப் ‘பாட்டி’ என்று போடுவதும், மீனவர் வீட்டுப் பிள்ளை எழுதிய ‘கச்சான்’ என்பதை அடித்துவிட்டு வெறும் ‘காற்று’ என்று போடுவதும் திருத்தம் ஆகாது. வீசுவது எந்தக் காற்று என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

மாதிரிக் கவிதை பற்றியும் கொஞ்சம். ஒரே ஒரு மாதிரியைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் அதன் நகல்கள்தான் வரும். ‘நிலா’வை எடுத்துவிட்டுச் ‘சூரியன்’ என்று போட்டிருப்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்றைப் படித்துக் காட்டிவிட்டு, அவர்கள் எழுதத் தொடங்குமுன் பலகையை அழித்துவிடுங்கள். அதற்கு முந்தைய தவறு, பிள்ளைகளுக்குக் கவிதையே படித்துக் காட்டாமல் எழுதச் சொல்வது. மனப்பாடப் பகுதிக்கு அப்பால், மதிப்பெண் இல்லாத, கேள்வி கேட்காத கவிதை நாளுக்கு ஒன்றாவது அவர்கள் காதில் விழ வேண்டும். மதிய உணவு முடிந்து மணி அடித்ததும் இரண்டு நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் ‘அருமை’, ‘சூப்பர்’ என்று சொல்வதும் பயனில்லை. பிள்ளைகளுக்கு அது காற்றோடு போகும். உங்களுக்குப் பிடித்த வரியை அப்படியே திருப்பிப் படித்துக் காட்டினால் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடும்.

எழுதியதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். தெர்மாகோல் எழுத்து ஒட்டிய பலகையில் நன்றாக எழுதிய ஐந்து பேருடையதை மட்டும் குத்தி வைக்காதீர்கள். வகுப்பில் உள்ள அத்தனை பேருடையதையும் சேர்த்து ஒரு கையெழுத்து இதழாகத் தைத்துவிடுங்கள். அட்டைக்குப் பழைய காலண்டர் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் தேதியும் இருக்கட்டும். முதல் வரைவை, பிழையோடும் கிறுக்கலோடும், படியெடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். படம் வரைய இடம் விடுங்கள். இதழைத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் வகுப்பு நூலகத்திலேயே போட்டுவிடுங்கள். தாள் கிழிந்தால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.